அலைகள் ஆற்றலைக் கடத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலைகள் பற்றிய பாடம் தொடங்கும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து ஏறத்தாழ இதே கேள்விகள் வருகின்றன. பெற்றோரும் கடற்கரை ஊர்க்காரர்களும் வேறு சொற்களில் இவற்றையே கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் அலை என்பதால் கடலலையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒலியையும் ஒளியையும் பின்பகுதியில் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அலை கரையைப் பார்த்து வருகிறது என்றால் தண்ணீரும் கூடவே வரத்தானே செய்யும்?

ஆழமான கடலில் தண்ணீர் அலையோடு வருவதில்லை. வலையில் கட்டிய மிதவை ஒன்றை உற்றுக் கவனித்தால் இது புரியும். முகடு நெருங்கும்போது மிதவை மேலெழுகிறது. உச்சியில் இருக்கும்போது அலை செல்லும் திசையில் சற்று நகர்கிறது. முகடு கடந்ததும் இறங்குகிறது. அகட்டில், அதாவது இரு முகடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில், இருக்கும்போது ஏறக்குறைய அதே அளவு பின்வாங்குகிறது. அதன் பாதை ஒரு செங்குத்து வட்டம். அடுத்த முகடு வரும்போது மிதவை பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும், அலையோ அதற்குள் ஓர் அலைநீளம் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம்) தாண்டிப் போயிருக்கும்.

இந்த வட்டங்கள் ஆழம் செல்லச் செல்ல வேகமாகச் சுருங்குகின்றன. அலைநீளத்தில் பாதி ஆழத்தில், மேற்பரப்பில் இருந்த அசைவில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் மிஞ்சும். நூறு மீட்டர் நீளமுள்ள அலை மேலே ஆடிக்கொண்டிருக்கும்போது ஐம்பது மீட்டர் ஆழத்தில் நீர் கிட்டத்தட்ட அமைதியாக இருப்பது இதனால்தான். ஒரு சிறு திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும்: வட்டத்தின் மேற்பாதியில் வேகம் சற்றுக் கூடுதல் என்பதால் வட்டம் முழுமையாக மூடுவதில்லை, நீர் மிக மெதுவாக முன்னே நழுவுகிறது. இதை இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1847இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும் அலையின் வேகத்தோடு ஒப்பிட்டால் இந்த நழுவல் மிகச் சிறியது.

2. பொருள் நகராமல் ஆற்றல் மட்டும் எப்படி நகரும்?

வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கலவை மேலே போகும் விதத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். சட்டி மட்டும் கைமாறி மேலே போய்ச் சேருகிறது. இங்கே ஆட்கள் நீர்த்துளிகள், சட்டி ஆற்றல். இந்த உவமை ஓரிடத்தில் பொய்க்கும்: சட்டி தனியாக எடுத்துக் காட்டக்கூடிய பொருள், ஆற்றல் அப்படிப்பட்டதன்று. ஒரு நீர்ப்பகுதி தன் பக்கத்துப் பகுதியை அழுத்தித் தள்ளும்போது அதன்மீது வேலை செய்கிறது. அவ்வளவு ஆற்றலைத் தான் இழக்கிறது, பக்கத்துப் பகுதி பெறுகிறது. அலையின் வழி நெடுகிலும் நடப்பது இந்த வேலைப் பரிமாற்றமே.

கடலலையில் இந்த ஆற்றல் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. சமமட்டத்திலிருந்து நீர் மேலும் கீழும் இடம்பெயர்ந்திருப்பதால் வருவது நிலை ஆற்றல். துளிகள் வட்டமிடுவதால் வருவது இயக்க ஆற்றல். ஓர் அலைநீளத்துக்குச் சராசரி எடுத்தால் இரண்டும் சரிபாதி.

3. அலை இரண்டு மடங்கு உயரமானால் ஆற்றலும் இரண்டு மடங்குதானே?

நான்கு மடங்கு. அகட்டிலிருந்து நீரை எடுத்து முகட்டில் குவித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் இரட்டித்தால், தூக்க வேண்டிய நீரின் நிறை இரட்டிக்கிறது; அதைத் தூக்க வேண்டிய உயரமும் இரட்டிக்கிறது. இரண்டையும் பெருக்கினால் நான்கு. ஆற்றல் வீச்சின் (சமமட்டத்திலிருந்து முகட்டின் உயரத்தின்) வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று பாடநூல் சொல்வதன் பொருள் இதுதான்.

அகட்டிலிருந்து முகடு வரை 1 மீட்டர் உயரமுள்ள கடலலையில், பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 1,250 ஜூல் ஆற்றல் இருக்கிறது. 2 மீட்டர் அலையில் சுமார் 5,000 ஜூல். அலை 'கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது' என்று நினைத்துக் குளிக்க இறங்குபவர்கள் இந்த வர்க்கக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்: உயரம் ஒன்றரை மடங்கானாலே ஆற்றல் இரண்டே கால் மடங்கு.

4. காற்றே அடிக்காத நாளில்கூடப் பெரிய அலை வருகிறதே, அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது?

வேறெங்கோ அடித்த காற்றிலிருந்து. சூரியன் பூமியைச் சமமின்றிச் சூடாக்குவதால் காற்று பிறக்கிறது. காற்று கடற்பரப்பை உந்தி அலைகளை எழுப்புகிறது. காற்றின் வேகம் எவ்வளவு, அது எத்தனை நேரம் அடித்தது, தடையின்றி எவ்வளவு தூரக் கடல்மீது அடித்தது என்ற மூன்றும் சேர்ந்துதான் அலையின் ஆற்றலைத் தீர்மானிக்கின்றன. புயற்பகுதியை விட்டு வெளியேறிய நீள அலைகள் மிகக் குறைந்த இழப்போடு பெருங்கடல்களைக் கடக்கின்றன. 1963இல் கடலியல் அறிஞர் வால்டர் மங்க் குழுவினர், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடலில் புயல்கள் எழுப்பிய அலைகளை நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை நிறுவிய கருவிகளால் பின்தொடர்ந்தார்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்த பின்பும் அந்த அலைகள் அளக்கக்கூடியனவாக இருந்தன.

கேரளக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் 'கள்ளக்கடல்' என்று சொல்லப்படுவது இத்தகையதுதான். உள்ளூரில் காற்றில்லை, மேகமில்லை. ஆனால் தெற்கு இந்தியப் பெருங்கடலில் பல நாட்களுக்கு முன் வீசிய புயலின் ஆற்றல் நீண்ட அலைகளாக வந்து கரையேறுகிறது. வானத்தைப் பார்த்து இதைக் கணிக்க இயலாது. ஹைதராபாதில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

5. அலையின் வேகமும் ஆற்றலின் வேகமும் ஒன்றுதானே?

ஒலியில் ஒன்று, ஆழ்கடல் அலையில் வேறு வேறு. இந்த வேறுபாட்டைப் பாடநூல்கள் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளிவிடுகின்றன, ஆனால் கடலைப் புரிந்துகொள்ள இதுவே முதலில் தேவை. 8 நொடி அலைவு நேரமுள்ள, அதாவது 8 நொடிக்கு ஒரு முகடு கடக்கும், அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். அதன் முகடு நொடிக்கு சுமார் 12.5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் அலைக்கூட்டம் ஒட்டுமொத்தமாக முன்னேறுவது அதில் பாதி வேகத்தில், அதாவது நொடிக்கு 6.2 மீட்டரளவில். ஆற்றல் அலைக்கூட்டத்தோடுதான் பயணிக்கிறது.

பாதி வேகக் கூட்டத்துக்குள் முழு வேக முகடுகள் எப்படி அடங்கும் என்று கேட்கலாம். கூட்டத்தின் பின்விளிம்பில் ஒரு முகடு புதிதாக எழுகிறது. கூட்டத்தை ஊடுருவி முன்னேறுகிறது. முன்விளிம்பை அடைந்ததும் தேய்ந்து மறைகிறது. அமைதியான நீரில் படகு விட்டுச் சென்ற அலைக்கூட்டத்தில் ஒரே முகட்டின்மீது கண்ணை வைத்துத் தொடர்ந்தால் அது காணாமற்போவதைப் பார்க்கலாம். சிறு கல்லெறிந்து எழுப்பும் நுண்ணலைகளில் இதைச் சோதிக்க வேண்டாம்; அங்கே பரப்பு இழுவிசை ஆள்வதால் கணக்கு தலைகீழாகிவிடும்.

அலைவு நேரம் கூடக் கூட இந்த வேகமும் கூடுகிறது. 14 நொடி அலையின் ஆற்றல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 940 கிலோமீட்டர் செல்லும். கள்ளக்கடல் புயலுக்குப் பல நாள் கழித்து வருவதும், அப்போது நீள அலைகள் முதலிலும் குட்டையானவை பின்னரும் வந்து சேர்வதும் இதனால்தான்.

6. சுனாமி நடுக்கடலில் படகில் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லையாம். அதே அலை கரையில் எப்படி ஊரையே அழித்தது?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு அருகே நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 செயற்கைக்கோள் வங்கக் கடலுக்கு மேலே கடந்து சென்றது. ஆழ்கடலில் அது அளந்த உயர்வு சுமார் 60 சென்டிமீட்டர்தான். அந்த உயர்வு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் பரவியிருந்தது. படகு அதன்மீது ஏறி இறங்கப் பத்து இருபது நிமிடங்கள் ஆகும். யாராலும் அதை உணர முடியாது.

ஆபத்து உயரத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. மூன்றாம் விடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1 மீட்டர் உயரமும் 100 மீட்டர் நீளமும் உள்ள சாதாரண அலையில், முகட்டின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சுமார் 1.25 லட்சம் ஜூல் இருக்கிறது. அதே 1 மீட்டர் உயரத்தில் 200 கிலோமீட்டர் நீளமுள்ள சுனாமியில் அது 25 கோடி ஜூல். மேலும், சாதாரண அலை மேற்பரப்பை மட்டும் அசைக்கிறது. சுனாமியோ அடித்தரை வரை முழு நீரையும் அசைக்கிறது.

இத்தகைய நீண்ட அலையின் வேகத்தை நீரின் ஆழம் மட்டுமே தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர். முன்பகுதி கரையை நெருங்கி வேகம் குறைகையில் பின்பகுதி இன்னும் வேகமாக வந்துகொண்டிருப்பதால் அலையின் நீளம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆற்றல் பெரிதும் அப்படியே இருப்பதால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அது இருபது மடங்காகக் குவிகிறது. ஆற்றல் இருபது மடங்கானால் உயரம் இருபதின் வர்க்கமூலமாகிய நாலரை மடங்காகும். விரிகுடாவின் வடிவமும் கடலடித் தரையின் சரிவும் இதை மேலும் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

7. தண்ணீர் நகராது என்று முதல் விடையில் சொன்னீர்கள். சுனாமியில் கடலே ஊருக்குள் வந்ததே?

சரியான ஆட்சேபம். முதல் விடை ஆழமான நீருக்கு மட்டுமே பொருந்தும். சுனாமியிலும் ஆழ்கடலில் நீரின் வேகம் நொடிக்குச் சுமார் 3 சென்டிமீட்டர்தான். அலையோ நொடிக்கு 200 மீட்டரளவில் ஓடுகிறது. ஆனால் ஆறாம் விடையில் கண்ட நாலரை மடங்கு உயர்வோடு அது 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது, நீரே நொடிக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒரே திசையில் பல நிமிடங்கள் அப்படி ஓடினால் அது வெள்ளம்தான். சாதாரண அலையில் முன்னோட்டம் சில நொடிகளில் திரும்பிவிடும்; சுனாமியில் அது திரும்புவதற்குள் நீர் தெருக்களைக் கடந்திருக்கும்.

8. நாகப்பட்டினத்தில் அவ்வளவு சேதம், வங்கதேசத்தில் ஏன் அவ்வளவு இல்லை?

2004இல் கடலடியில் பிளந்த கோடு ஏறத்தாழ வடக்கு-தெற்காக 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருந்தது. நீண்ட கோட்டிலிருந்து எழும் அலை, அக்கோட்டுக்குச் செங்குத்தான திசைகளில்தான் பெரும்பகுதி ஆற்றலை அனுப்பும். எனவே மேற்கே இலங்கையும் தமிழகமும் கிழக்கே தாய்லாந்தும் பெரும் அடியை வாங்கின; கோட்டின் வடமுனைக்கு நேரே இருந்த வங்கதேசத்துக்குச் சிறுபகுதியே சென்றது. இலங்கையின் மறைவில் இருந்தும் கேரளக் கரை தப்பவில்லை. ஆழம் குறைந்த பக்கம் அலை மெதுவாகச் செல்வதால் அது தீவைச் சுற்றி வளைந்து செல்கிறது.

9. கரையில் உடைந்த பிறகு அந்த ஆற்றல் எங்கே போகிறது?

அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தாண்டும்போது முகடு நிற்க முடியாமல் சரிகிறது. அதுவரை ஒழுங்காக வட்டமிட்ட நீர் சுழல்களாகச் சிதறுகிறது. பெரிய சுழல் சிறியதாக, சிறியது மேலும் சிறியதாக உடைந்து, இறுதியில் உராய்வால் வெப்பமாகிறது. ஒரு பகுதி மணலை அள்ளிச் செல்கிறது. மிகச் சிறுபகுதி இரைச்சலாகக் காதை அடைகிறது. 2 மீட்டர் உயரமும் 8 நொடி அலைவு நேரமும் உள்ள சீரான அலை, கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 31 கிலோவாட் கொண்டுவருகிறது. இவ்வளவும் வெப்பமானாலும் நீர் சூடாவதை நாம் உணர்வதில்லை. நீரின் வெப்ப ஏற்புத்திறன் அவ்வளவு பெரிது.

10. பேசும்போது என் வாயிலிருந்து காற்று போய் அடுத்தவர் காதில் விழுவதுதானே ஒலி?

அன்று. மூச்சு சிறிது தூரத்திலேயே கலைந்துவிடும். ஒலியோ 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது, எந்தப் புயற்காற்றுக்கும் அந்த வேகம் இல்லை. சாதாரணப் பேச்சொலியில் காற்றுத் துகள் முன்னும் பின்னும் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்களவில்தான். இரண்டாம் விடையில் சொன்ன அதே வேலைப் பரிமாற்றம் இங்கே அழுத்தமாகவும் தளர்வாகவும் நடக்கிறது.

11. தூரம் போகப் போக அலை தேய்கிறதே, ஆற்றல் அழிகிறதா?

பெரும்பாலும் பங்கிடப்படுகிறது. எல்லாத் திசைகளிலும் பரவும் ஒலியை ஊதிப் பெருக்கும் கோளமாக நினைத்தால், தூரம் இரட்டித்ததும் கோளத்தின் பரப்பு நான்கு மடங்காகிறது. ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது கால்பங்கு. தரைமட்டத்தில் மட்டும் பரவும் அலைக்கு வட்டத்தின் சுற்றளவே பெருகுவதால், தூரம் இரட்டித்தால் பாதி மிஞ்சும். நிலநடுக்கத்தில் வெகுதொலைவில் உள்ள கருவிகள் பூமிக்குள் ஊடுருவி வரும் அலைகளைவிட மேற்பரப்பு அலைகளைப் பெரிதாகப் பதிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தப் பங்கீட்டோடு ஊடகத்தின் உராய்வால் உண்மையாகவே வெப்பமாகும் இழப்பும் சேர்கிறது.

12. வெற்றிடத்தில் ஒன்றுமே இல்லை. சூரிய ஒளி எதை அசைத்துக்கொண்டு வருகிறது?

எந்தப் பொருளையும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவியலாளர்களும் இதே கேள்வியைக் கேட்டு, விண்வெளி முழுவதும் 'ஈதர்' என்ற ஊடகம் நிறைந்திருப்பதாகக் கருதினார்கள். அதன் ஊடே பூமி செல்வதை அளக்க 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் செய்த ஆய்வில் எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை. ஒளியில் மாறுவது மின்புலமும் காந்தப்புலமும்; ஒன்று மாறும்போது மற்றொன்று தோன்றுகிறது. ஆற்றல் அந்தப் புலங்களிலேயே இருக்கிறது. அது எட்டேகால் நிமிடங்களில் பூமியை எட்டி, வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் என்ற அளவில் விழுகிறது.

13. ஒளியின் ஆற்றல் வீச்சைப் பொறுத்ததா, அதிர்வெண்ணைப் பொறுத்ததா? புத்தகத்தில் இரண்டும் இருக்கிறதே!

இரண்டும் சரி, ஆனால் அவை இரு வேறு கேள்விகளுக்கான விடைகள். ஒரு நொடியில் ஒரு சதுர மீட்டரில் மொத்தம் எவ்வளவு ஆற்றல் விழுகிறது என்பது வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த ஆற்றல் எந்த அளவுப் பொட்டலங்களாக வந்து சேர்கிறது என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. அந்தப் பொட்டலமே ஃபோட்டான். வெளிச்சத்தைக் கூட்டினால் பொட்டலங்களின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றின் அளவு கூடாது.

சோடியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) தேவை. சிவப்பு ஒளியின் ஃபோட்டானிடம் 1.8 அளவே இருப்பதால், சாதாரண விளக்கின் சிவப்பு ஒளியை எவ்வளவு கூட்டினாலும் எலக்ட்ரான் வெளிவராது. ஊதா ஒளியின் ஃபோட்டானிடம் 3 இருப்பதால் மங்கலான ஒளியே போதும். ஐன்ஸ்டைன் 1905இல் தந்த இந்த விளக்கத்தை முன்னிட்டே அவருக்கு 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

14. இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துவிட்டால் ஆற்றல் எங்கே போனது? ஆற்றல் அழியாது என்கிறீர்களே!

கயிற்றின் இரு முனைகளிலிருந்தும் ஒரே அளவான மேல்துடிப்பும் கீழ்த்துடிப்பும் எதிரெதிராக வருவதாகக் கொள்ளுங்கள். அவை சந்திக்கும் கணத்தில் கயிறு நேர்கோடாகத் தெரியும். ஒளிப்படத்தில் அலையே இருக்காது. ஆனால் அந்தக் கணத்தில் கயிற்றின் அப்பகுதி வேகமாக அசைந்துகொண்டிருக்கிறது. நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த கணம் இரு துடிப்புகளும் ஒன்றையொன்று கடந்து வெளிவந்துவிடும்.

நிலையாக நீடிக்கும் குறுக்கீட்டில் விடை வேறு. ஒளியை இரு நுண்பிளவுகள் வழியே திரையில் விழச் செய்யும் இரட்டைப் பிளவு ஆய்வில், இருண்ட பட்டையில் ஒளியின் செறிவு சுழி. பொலிவான பட்டையில் ஒற்றைப் பிளவு தருவதைப் போல இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு. சராசரி சரியாக இரண்டு வருகிறது. ஆற்றல் இடம்தான் மாறியிருக்கிறது. மூக்குக்கண்ணாடியின் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சிலும் அப்படியே: எதிரொளிப்பில் குறைந்தது ஊடுருவலில் கூடுகிறது. எதிர்க்கட்டத்தில் அதிரும் இரண்டு ஒலிபெருக்கிகளை நெருக்கமாக வைத்தால் எல்லாப் பக்கமும் ஒலி குறையும். அங்கே ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்வதால், இரண்டுமே காற்றுக்கு ஆற்றலைக் குறைவாகத்தான் கொடுக்கின்றன.

15. நிலை அலை ஆற்றலைக் கடத்தாது என்கிறீர்கள். அப்படியானால் வீணை எப்படிக் கேட்கிறது?

இரு முனைகளும் அசையாமல் கட்டப்பட்ட, இழப்பே இல்லாத தந்தியில்தான் அந்தக் கூற்று முழுமையாக உண்மை. அங்கே எதிரெதிராக ஓடும் இரு அலைகள் சேர்ந்து, ஓரிடத்திலேயே நின்று அதிரும் நிலை அலையாகின்றன; இரண்டும் சம அளவு ஆற்றலைச் சுமப்பதால் நிகர ஓட்டம் சுழியாகிறது. வீணையில் தந்தி அமரும் குதிரை முற்றிலும் அசையாதது அன்று. ஒவ்வோர் அதிர்வின்போதும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்து, பலா மரத்தில் குடைந்த குடத்துக்கும் அதன் மேற்பலகைக்கும் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது. மெல்லிய தந்தியால் காற்றைத் தள்ள இயலாது. அகன்ற பலகையால் இயலும். மீட்டிய சுரம் தேய்ந்து மறைவதே தந்தியிலிருந்து ஆற்றல் கசிந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று. கசிவே இல்லாத வீணை நெடுநேரம் அதிரும், ஆனால் யாருக்கும் கேட்காது.

16. இவ்வளவு ஆற்றல் கரைக்கு வருகிறது என்றால் அலையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டியதுதானே?

எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கு அருகே விழிஞ்ஞத்தில் சென்னை ஐ.ஐ.டி.யினர் உருவாக்கிய 150 கிலோவாட் சோதனை நிலையம் 1991இல் இயங்கத் தொடங்கியது. கடலில் நிறுத்திய கான்கிரீட் அறையின் கீழ்ப்பகுதி நீருக்குத் திறந்திருக்கும். உள்ளே நீர்மட்டம் ஏறும்போது காற்று மேல்வாய் வழியே வெளியே தள்ளப்படும், இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும்; அந்தக் காற்று டர்பைனைச் சுழற்றும்.

ஒன்பதாம் விடையில் சொன்ன 31 கிலோவாட் ஒரு குறிப்பிட்ட சீரான அலைக்கு உரியது; உண்மைக் கடலில் அலை நாளுக்கு நாள் மாறுகிறது, ஆண்டுச் சராசரியில் நம் கரைகளுக்குக் கிடைப்பது வட அட்லாண்டிக் கரைகளைவிடக் குறைவு. இதைவிடப் பெரிய இடர் மூன்றாம் விடையில் இருக்கிறது. வழக்கமாக 1 மீட்டர் அலை வரும் இடத்தில் புயலன்று 5 மீட்டர் அலை வந்தால் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆற்றல் இருபத்தைந்து மடங்கு. வருமானம் தருவது அன்றாடச் சிற்றலை. கட்டுமானச் செலவைத் தீர்மானிப்பதோ எப்போதாவது வரும் அந்தப் பேரலை. உப்புநீர் அரிப்பையும் கடலுக்குள் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்தால், அதே முதலீட்டில் காற்றாலையோ சூரியத் தகடுகளோ வைப்பதே இன்றைய நிலையில் மலிவாக முடிகிறது.